சாணை பிடித்த பிறகு வெட்டாமல் போன அரிவாள்மனை: ஒரு நிகழ்வு ஆய்வு

மாயவரத்தில் என் அத்தை வீட்டுச் சமையலறையில் இருக்கும் அரிவாள்மனை பற்றியது இது. பலா மரப் பலகை, அதில் செருகி ஆப்பு அடித்த இரும்புத் தகடு, தகட்டின் உச்சியில் தேங்காய் துருவும் வட்டப் பல். தகடு பலகையிலிருந்து எழும் இடத்தில் ஒடுங்கி, நடுவில் 5 செ.மீ. அகலத்துக்கு விரிந்து, மேலே போகப் போக உட்காருபவரைப் பார்த்து அரிவாள்போல் உள்வாங்கி வளைகிறது. எல்லா ஊர் அரிவாள்மனைக்கும் இவ்வளவு வளைவு இருக்காது. சில கொல்லர்கள் ஏறக்குறைய நேராகவே அடித்துத் தருவார்கள். எவர்சில்வர் தகட்டில் வரும் புதிய மனைகளும் பெரும்பாலும் நேர்வாய்தான், அதாவது வெட்டும் விளிம்பு நேராக இருக்கும். இது பழைய பட்டறை வேலை, நல்ல வளைவு.

அத்தைக்கு மேடையில் நின்றுகொண்டு கத்தியால் நறுக்குவது இன்றுவரை ஒத்துவரவில்லை. ஒரு காலைப் பலகையில் அழுத்தி உட்கார்ந்தால்தான் அவருக்குக் காய் நறுக்கிய மாதிரி இருக்கும். அதனால் இந்த ஒரு கருவி மழுங்கினால் வீட்டுச் சமையலே தாமதமாகும்.

தெருவில் மொபெட்டில் சாணைச் சக்கரம் கட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் அதைக் கொடுத்திருக்கிறார். வாங்கிய அன்றும் மறுநாளும் பிரமாதமாக வெட்டியது. அந்த வாரம் முடிவதற்குள் பழையதைவிட மோசம். “சாணை பிடிக்கறதுக்கு முன்னாடியே தேவலாம்போல இருந்துச்சுடா. காசையும் குடுத்து வாயையும் கெடுத்துக்கிட்டேன்” என்றார். இந்த வாக்கியத்தில் முக்கியமான துப்பு ஒன்று இருக்கிறது. முதலில் நன்றாக வெட்டி, சில நாளிலேயே திடீரென்று மழுங்கும் கருவி இயல்பாகத் தேய்ந்து மழுங்கியதாக இருக்காது.

எங்கே வெட்டவில்லை

“வெட்டவில்லை” என்பதோடு நிறுத்திக்கொண்டால் நேராகக் கல்லை எடுத்துத் தேய்க்கத்தான் தோன்றும். நான் அத்தையை அவர் வழக்கப்படி நறுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேர்க்கத்தியில் வாய் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உழைக்கும். அரிவாள்மனையில் அப்படி இல்லை. கீரையும் பீன்ஸும் நடுப்பகுதியில் அறுபடும். பூசணி, சேனை மாதிரி பெரிய காயை மேல் வளைவில் குத்திக் கீழே இழுப்பார்கள். கழுத்துப் பகுதியில், அதாவது பலகையை ஒட்டிய 3 செ.மீ. அளவில், சின்ன வெங்காயம், பூண்டு, தோல் சீவுவது போன்ற நுணுக்க வேலைகள்.

பார்த்ததில் மூன்று வேறு குறைகள் தெரிந்தன. நடுவில் தக்காளித் தோல் நசுங்கியது, கீரைத்தண்டின் நார் முழுக்க அறாமல் தொங்கியது. மேல் வளைவில் பூசணித் துண்டு ஒழுங்காக இறங்கி வந்து ஓர் இடத்தில் இடறி நின்றது, மீண்டும் அழுத்தியதும் குதித்து நகர்ந்தது. இது ஆபத்தான குறை, கை நழுவுவது இங்கேதான். கழுத்தில் வெங்காயம் வெட்டவே இல்லை, பிதுங்கியது.

பிறகு துடைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. அது ஒரு கோடு, கண்ணுக்குத் தெரியும் அகலம் அதற்கு இல்லை. மழுங்கிய வாயில் மட்டும் மெல்லிய வெள்ளைக்கோடு மின்னும். டார்ச்சை வாய்க்கு நேராகப் பிடித்தபோது நடுப்பகுதி நெடுகிலும் அந்தக் கோடு விட்டுவிட்டு மின்னியது. பழைய பருத்தித் துணியை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மெதுவாக இழுத்தபோது இடப்பக்கத்தில் துணி நூல் நூலாக மாட்டியது, வலப்பக்கத்தில் வழுக்கிப் போனது. பிசிறு, அதாவது வாயின் நுனியில் ஒட்டி நிற்கும் மெல்லிய இரும்பு, ஒரு பக்கமாக மடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

முதல் இரண்டு நாள் கூர்மைக்கு விளக்கம் இதுதான். சாணைச் சக்கரம் ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது வாயின் நுனியில் மிச்சமிருக்கும் உலோகம் மெல்லிய படலமாக மறுபக்கம் சாயும். அந்தப் படலம் சவர பிளேடு மாதிரி வெட்டும், விரலில் பட்டாலும் கூராகத் தெரியும். ஆனால் அதற்கு முட்டுக் கிடையாது. நான்கு முருங்கைக்காய் நறுக்கினால் மடங்கிவிடும். மடங்கிய பிறகு காய்மேல் படுவது கூர்முனை அல்ல, மடிப்பின் முதுகு. சாணை பிடித்தவர் பிசிறை எடுக்காமல் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. தெருவில் ஒரு கருவிக்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம், வாங்குபவரும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் காசு கொடுப்பார்.

மேல் வளைவில் காய் இடறிய இடத்தில் வாயின் கோடே நெளிந்திருந்தது. ஏறத்தாழ 2 செ.மீ. நீளத்துக்குத் தட்டையாக ஒரு கடி, அதன் இரு முனையிலும் சின்னச் சின்ன மூலை. சாணைச் சக்கரத்தின் முகமும் ஏறக்குறைய அதே அகலம்தான்.

கழுத்தில்தான் பெரிய சேதம். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் வாயை ஒட்டி மங்கலான ஊதா-நீலத் திட்டு ஒன்று தெரிந்தது. புதிய சிறிய அரம் ஒன்றை எடுத்து, நடுப்பகுதியின் சரிவில் (வாயை நோக்கி மெலியும் பக்கத்தில்) லேசாக ஒரு இழுப்பு, கழுத்தின் சரிவில் ஒரு இழுப்பு. நடுவில் அரம் வழுக்கிக்கொண்டு போனது. கழுத்தில் சாதாரண இரும்பைக் கடிப்பதுபோல் கடித்தது. தோய்ச்சல் கொடுத்து, அதாவது காய்ச்சி முக்கி, ஏற்றிய பதம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது.

ஏன் கழுத்தில் மட்டும் சூடு

நம் ஊர்ப் பட்டறைகளில் அரிவாள் வகைகளுக்கு லாரிப் பட்டையை, அதாவது பழைய வில்பட்டையை வெட்டி அடிப்பது வெகுகால வழக்கம். அந்த எஃகில் கரிமம் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கடினமாகும், அப்புறம் மிதமாகச் சூடு காட்டினால் உடையாத பதத்துக்கு வரும். அந்தப் பதத்தைத் தாண்டி மறுபடி சூடேறினால் எஃகு மென்மையாகிக்கொண்டே போகும். சூடு ஏறுவதைத் துடைத்த இரும்பின் நிறமே காட்டும். சுமார் 220 டிகிரி செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறம், 280க்குப் பக்கத்தில் ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். நிறத்தைக் கண்ணால் பார்த்த பிறகு தண்ணீரில் முக்கிப் பயனில்லை, இறங்கிய பதம் இறங்கியதுதான்.

கடைகளில் கிடைக்கும் 6 அங்குல மேசைச் சாணையை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று. அதன் விளிம்பு நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உராயும்போது உண்டாகும் சூடு, கனமான முதுகுப் பக்கம் பரவினால் தெரியாது. வாயின் நுனியோ தாள்போல் மெல்லியது. சூடு ஓடி ஒளிய அங்கே இரும்பே இல்லை. நடுப்பகுதியில் கை நகர்ந்துகொண்டே இருந்ததால் தப்பித்தது. கழுத்தில் பலகை குறுக்கே நிற்கும், சக்கரத்தைத் தாண்டி நகர இடமில்லை, கை ஒரே இடத்தில் நின்றிருக்கும். அந்த இரண்டு மூன்று நொடியே போதும்.

மேலே விழுந்த கடிக்குக் காரணம் வேறு, அது வளைவின் கணக்கு. ஒரு ஸ்கேலை வாயின் குறுக்கே வைத்து 15 செ.மீ. இடைவெளியில் நடுப்பள்ளம் எவ்வளவு என்று அளந்தோம். 1.5 செ.மீ. அப்படியென்றால் இந்த வளைவை முழு வட்டமாக நீட்டினால் அதன் ஆரம் சுமார் 19.5 செ.மீ. இந்த வளைவுக்குள் 5 செ.மீ. அகலமுள்ள தட்டையான தீட்டுக்கல்லை வைத்தால் அதன் இரண்டு விளிம்புகள் மட்டுமே வாயில் படும். நடுவில் 1.6 மி.மீ. இடைவெளி நிற்கும். எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் நடுவில் கல் படாது, விளிம்பு பட்ட இடத்தில் பள்ளம்தான் விழும். 2 செ.மீ. அகலச் சக்கரத்துக்கு அந்த இடைவெளி கால் மில்லிமீட்டர். சக்கரம் வாய் நெடுகிலும் நகர்ந்துகொண்டே இருந்தால் கால் மில்லிமீட்டரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஓர் இடத்தில் நின்றுவிட்டால் இரண்டு மூலைகளும் கடித்து இறங்கும். வீட்டில் கார்போரண்டம் கல்லை வாங்கி வைத்துக்கொண்டு அரிவாளைத் தீட்டியும் பலன் இல்லை என்று சொல்பவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதே கணக்குத்தான். அவர்கள் கையில் குறையில்லை, கல்லின் வடிவத்தில் குறை.

வெளிப்பக்கம் வளைந்த கத்திக்கு இந்தத் தொல்லை கிடையாது. கறிக்கத்தி, நுனி வளைந்த சமையல் கத்தி எல்லாம் தட்டைக்கல்லிலேயே தீட்டலாம். வளைவு தொடங்கும் இடத்தில் கைப்பிடியைச் சற்றே உயர்த்திக்கொண்டே போனால் நுனிவரை கல் படும். உள்வளைவுக்கு மட்டும்தான் வளைவைவிடச் சிறிய ஆரமுள்ள, உருண்டையான தீட்டுப்பொருள் தேவை. தோட்டத்தில் கவாத்து செய்யும் கொக்கிக் கத்தி, புல்லறுக்கும் பல்லில்லாத அரிவாள், தேங்காய் வெட்டும் கொடுவாளின் மூக்கு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பல் வெட்டிய கருக்கரிவாள் சேராது. அதைக் கல்லில் போட்டால் பல் போய்விடும்.

என்ன செய்யலாம் என்று யோசித்தது

பட்டறைக்கு எடுத்துப் போய் மறுபடி தோய்ச்சல் கொடுப்பது முறையான வழி. ஆனால் தகட்டைப் பலகையிலிருந்து கழற்ற வேண்டும், ஐம்பது வருஷப் பலகை, ஆப்பைத் தட்டினால் பிளந்துவிடும் என்று அத்தைக்குப் பயம். தவிர, தேய்ந்து மெலிந்த தகடு தோய்ச்சலில் முறுக்கிக்கொள்வதும் உண்டு. கடைகளில் விற்கும் ‘வி’ வடிவப் பிளவுள்ள சின்னத் தீட்டியை நான் விரும்புவதில்லை. அது தீட்டுவதைவிட உலோகத்தைச் சுரண்டி எடுக்கிறது. அதோடு அதன் உடம்பு பலகையில் முட்டும், கழுத்தின் கடைசி 2 செ.மீ. தீட்டப்படாமலே நிற்கும். இன்னொரு முறை சக்கரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகக் கையால் தீட்டுவது, அதுவும் கல்லை வாயிடம் கொண்டுபோய்த் தீட்டுவது என்று முடிவானது.

இதில் அரிவாள்மனைக்கு இயல்பாகவே ஒரு வசதி இருக்கிறது. சாதாரண அரிவாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் கல்லை ஓட்ட வேண்டும். இங்கே தகடு ஏற்கெனவே நிலையாக நிற்கிறது. பலகையைத் தடித்த மேசையின் ஓரத்தில் வைத்து இரண்டு கிளாம்பு போட்டால் இரண்டு கையும் காலி. ஆனால் தகடு பலகையில் ஆடக்கூடாது, ஆடினால் தீட்டும் கோணமும் ஆடும். எங்கள் மனையில் லேசான ஆட்டம் இருந்தது. மூங்கில் சீவலில் ஒரு சின்ன ஆப்பு செதுக்கி இடுக்கில் செருகியதும் நின்றது.

கருவிகள் எல்லாம் ஹார்டுவேர் கடைச் சரக்கு. அரிவாள் தீட்டுவதற்கென்றே விற்கும், இரு முனையும் ஒடுங்கிய படகு வடிவக் கல் ஒன்று. தண்ணீரில் நனைக்கக்கூடிய கருப்பு உப்புத்தாள், 220, 400, 800, 1500 எண்களில் ஒவ்வொன்று. 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய துடைப்பக்கட்டைத் துண்டு. கருப்பு மார்க்கர். தடித்த தோல் கையுறை. பழைய தோல் பெல்ட். எண் ஏற ஏற மணல் பொடியாகும். நல்ல தயாரிப்பு என்றால் 220இல் துகள் சுமார் 68 மைக்ரான், 400இல் 35, 800இல் 22, 1500இல் 13 அளவுக்கு வரும். காய் நறுக்க 800வரை போதும் என்பது என் கருத்து. 1500 கீரைக்காக.

தீட்டியது

உட்காரும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் கை தப்புவது இருக்கிறது. காய் நறுக்கும்போது வாய் நம்மைப் பார்க்கும். தீட்டும்போது அப்படி உட்காரவே கூடாது. மேசையின் மறுபக்கம் போய், தகட்டின் முதுகு நம் பக்கமும் வாய் நமக்கு எதிர்ப்பக்கமும் இருக்கும்படி உட்கார வேண்டும். கல்லையோ கட்டையையோ பிடிக்கும் கை எப்போதும் முதுகுக்கு இந்தப் புறம்தான். வாயைத் தாண்டி விரல் போகத் தேவையே இல்லை.

கோணத்துக்குக் கருவி வேண்டாம். ஒரு தாளின் செங்கோண மூலையைப் பாதியாக மடித்தால் 45 டிகிரி, இன்னொரு முறை மடித்தால் 22.5. அரிவாள்மனைக்கு ஒரு பக்கத்துக்கு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது, அதனால் மடித்த தாளைவிட ஒரு மயிரிழை சாய்வாகப் பிடித்தால் போதும். தகட்டின் அகலம் 5 செ.மீ. என்பதால் வாயில் கல் படும்போது முதுகருகே கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே 1.8 செ.மீ. இடைவெளி வர வேண்டும். கட்டைவிரல் அகலம். இந்த ஒரு அளவைக் கண்ணில் வைத்துக்கொண்டால் கோணம் தானாக நிற்கும். தகடு ஒடுங்கும் கழுத்தில் அந்த இடைவெளியும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். பலரும் அங்கே அதே கட்டைவிரல் அகலத்தை வைத்துக் கோணத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

இரண்டு சரிவுகளிலும் மார்க்கரால் கருப்படித்தோம். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பார்த்தால் கல் எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும். கருப்பு மேலே மட்டும் அழிந்து நுனியில் மிச்சமிருந்தால் கோணம் குறைவு, நுனியில் மட்டும் அழிந்தால் அதிகம்.

முதல் வேலை மேல் வளைவின் கடி. அது முக்கால் மில்லிமீட்டர் ஆழம் இருந்தது. அதை முழுவதும் மறைக்க வேண்டுமென்றால் வாய் நெடுகிலும் அதே அளவு இரும்பைத் தேய்த்து எறிய வேண்டும். பல வருஷத் தீட்டலுக்கு ஆகும் இரும்பை அழகுக்காக ஒரே நாளில் விரயம் செய்ய எனக்கு மனமில்லை. காயை இடறச் செய்வது ஆழம் அல்ல, இரு முனையிலும் நின்ற மூலைகள். படகுக்கல்லை நனைத்து, அதன் உருண்ட பக்கத்தால் அந்த மூலைகளை மட்டும் சரித்து, கடியை 2 செ.மீ. பள்ளத்திலிருந்து 5 செ.மீ. நீள மெல்லிய குழைவாக நீட்டினோம். இப்போதும் உற்றுப் பார்த்தால் தெரியும். பூசணிக்குத் தெரியவில்லை.

அடுத்து சரிவு. கல்லை வாயிலிருந்து முதுகு நோக்கி நம் பக்கம் இழுக்கும்போதே கழுத்திலிருந்து மேல்நோக்கி நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் வாயின் ஒரு பகுதியைக் கடக்கும், அடுத்தது அதன்மேல் பாதி ஏறி வரும். அழுத்தத் தேவையில்லை. கல்லின் எடையோடு ஒரு விரல் பலம் போதும். மடங்கிக் கிடந்த பழைய பிசிறு முதல் சில இழுப்பிலேயே கல்லில் சாம்பல் நிறச் சேறாக வந்துவிட்டது. ஒரு பக்கத்தை எதுவரை தேய்க்க வேண்டும் என்பதற்கு எண்ணிக்கை கிடையாது. மறுபக்கத்தில் கழுத்திலிருந்து உச்சிவரை அறுபடாமல் புதுப் பிசிறு துணியில் மாட்டும்வரை. எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் சரிவு இன்னும் நுனியைத் தொடவில்லை. எங்களுக்கு விட்டுப்போனது நடுப்பள்ளத்தில், வளைவு ஆழமாக இருக்கும் இடத்தில். அங்கே படகுக்கல்லின் அகன்ற வயிற்றைவிட ஒடுங்கிய முனை நன்றாக உட்கார்ந்தது. அப்புறம் மறுபக்கம், அதே மாதிரி.

கல் போட்ட கோடுகளை ஆற்ற உப்புத்தாள். துடைப்பக்கட்டையில் தாளை ஒரு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே திசை மாறுகிறது. கல்லை வாயிலிருந்து முதுகுக்கு இழுத்ததுபோல் தாளை இழுத்தால் வாய் தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். தாள் முதுகிலிருந்து வாயைக் கடந்து வெளியே போகும்படி முன்னால் தள்ள வேண்டும். கை வாயை நோக்கி நகரும் ஒரே கட்டம் இது என்பதால்தான் 30 செ.மீ. நீளக் கட்டை. அதன் பின்முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் அளவு தள்ளினால்கூடக் கை முதுகுக்கு இந்தப் பக்கமே நிற்கும். கையுறை அவசியம். குட்டைக் கட்டையில் இதைச் செய்ய வேண்டாம். 220இல் தொடங்கி, முந்தைய எண்ணின் கோடுகள் மறைந்ததும் அடுத்த எண். தாளுக்கு அடியில் மரம் கொஞ்சம் இடம் கொடுப்பதால் சரிவு லேசாக உருண்டு வரும். சமையலறைக் கருவிக்கு அது நல்லதுதான், நுனிக்குப் பின்னால் கொஞ்சம் சதை நிற்கும்.

கடைசியாகப் பிசிறு. இந்த ஆய்வுக்கே காரணமான சமாசாரம் என்பதால் இதில் நேரம் எடுத்துக்கொண்டோம். 1500 தாளில் இடம் ஒன்று வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி, இறகால் தடவுகிற அழுத்தத்தில், பிசிறு எந்தப் பக்கமும் துணியில் மாட்டாத நிலை வரும்வரை. அப்புறம் மென்மரத் துண்டு ஒன்றின் ஓரத்தை வாயின் மேல் எடையில்லாமல் ஒரு முறை இழுத்தால் மிச்சம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். அதற்கும் மேல் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தைக் கட்டையில் சுற்றி, உலோகம் மெருகேற்றும் பசை கொஞ்சம் தடவி, அதே தள்ளும் திசையில் சில வழிப்பு. பெல்ட்டும் பசையும் கைவசம் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. பனையேறிகள் பாளை சீவும் அரிவாளைத் தீட்டுக்கட்டையில் வெள்ளைக்கல் பொடி தூவித்தான் தீட்டினார்கள். பொடித்த குவார்ட்சு, தோய்த்த எஃகைவிடக் கடினம், மரத்தில் பதிந்து நிற்கும். பாளையின் மேல் மெல்லிய சீவலாக நாள்தோறும் எடுக்கும் கூர்மை அந்தக் கட்டையிலிருந்து வந்தது. அரிவாள்மனைக்கு அவ்வளவு கூர்மை தேவையே இல்லை.

கழுத்துப் பகுதி தன் குணத்தைத் தீட்டும்போதே காட்டியது. மற்ற இடங்களில் பிசிறு சில தடவலில் ஒடிந்து போனது. அங்கே மட்டும் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் ஈயத்தாள் மாதிரி நீண்டு, இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் என்று மடங்கிக்கொண்டே இருந்தது, உதிரவில்லை. பதம் போன இரும்பின் அடையாளம் இது. அந்த 3 செ.மீ. பகுதிக்கு மட்டும் கோணத்தை 25 டிகிரிக்குக் கூட்டினோம். கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் சீக்கிரம் மடங்காது. அதைத் தேய்த்துத் தள்ளி நல்ல இரும்பை எட்டும்வரை போவதும் ஒரு வழி. வாயின் கோடு அங்கே பள்ளமாகி, பலகையோரம் வெங்காயம் போய் மாட்டிக்கொள்ளும் என்பதால் வேண்டாமென்று விட்டோம்.

உச்சியில் இருக்கும் தேங்காய்ப் பல்லுக்கு அதிக வேலையில்லை. ஊசி அரத்தின் முக்கோண முனையால் பல்லுக்குப் பல் இடுக்கில் உட்பக்கத்திலிருந்து இரண்டு இழுப்பு. அங்கே பிசிறு இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அரத்தூள் தேங்காயில் விழாதபடி பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும்.

எப்படி வெட்டியது, எவ்வளவு நாள்

முதலில் செய்தித்தாள். வாயில் எங்கேயும் தாள் பிசிறாமல் அறுந்தால் ஓர் இடமும் விட்டுப்போகவில்லை என்று அர்த்தம். கழுத்தில் மட்டும் கொஞ்சம் கிழிந்தது, எதிர்பார்த்ததுதான். அத்தைக்குத் தாளில் நம்பிக்கை இல்லை. தக்காளி ஒன்றை எடுத்து வாயின் மேல் வைத்து, அழுத்தாமல் இழுத்தார். தோல் நசுங்காமல் பிளந்தது. பிறகு முளைக்கீரைக் கட்டு ஒன்று, பூசணிக் கீற்று ஒன்று. “இப்பதான்டா அருவாமனை மாதிரி இருக்கு. ஆனா கிட்டக்க வெங்காயத்துக்கு இன்னும் சரியில்ல” என்றார். “அங்க இரும்பே கெட்டுப் போச்சு அத்தை. வெங்காயத்தைக் கொஞ்சம் மேல தள்ளி நறுக்குங்க” என்றேன். அவர் கை அந்த யோசனையை ஏற்றுக்கொள்ளவில்லை. பழக்கம் பழக்கம்தான், பூண்டும் வெங்காயமும் இன்றும் கழுத்தில்தான்.

சில வாரம் கழித்துப் போனபோது டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். நடுவிலும் மேலேயும் வெள்ளைக்கோடு இல்லை. கழுத்தில் மட்டும் மெல்லிய கோடு திரும்பியிருந்தது. கோணம் கூட்டியும் மற்ற இடங்களுக்கு முன்பே அது மழுங்கியது, அரம் சொன்னதும் இதைத்தான். ஒருவேளை முழு வாயும் ஒரே நேரத்தில் மழுங்கியிருந்தால் பதம் பற்றிய என் முடிவைச் சந்தேகிக்க வேண்டியிருந்திருக்கும்.

பராமரிப்புக்குக் கல், தாள் எதுவும் அத்தையிடம் கொடுக்கவில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று சொரசொரப்பாக இருக்கும். அது உருண்ட விளிம்பு, உள்வளைவில் எங்கும் படும், எஃகைவிடக் கடினம். கல்லுக்குப் பதில் அந்த வளையம்தான், அந்த வேலை என் அத்தை மகளுடையது. அவள்தான் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை முதுகுப் பக்கமாக உட்கார்ந்து, கோப்பையின் வளையத்தால் பக்கத்துக்கு நான்கைந்து முறை, வாயிலிருந்து தன் பக்கம் தடவிவிடுகிறாள். கழுத்தில் கூடுதலாகச் சில முறை. கோப்பையைப் பிடிக்கும் விரல்கள் வளையத்துக்கு மேலே இருக்க வேண்டும், கைப்பிடியில் அல்ல. கைப்பிடியைப் பிடித்தால் கோப்பை சுழன்றுவிடும்.

துரு பற்றியும் ஒரு வார்த்தை. இது எவர்சில்வர் இல்லை, ஈரத்தோடு விட்டால் மறுநாளே வாயில் செம்புள்ளி. தீட்டிய உடனே சரிவு வெள்ளையாகப் பளபளக்கும்போது துரு இன்னும் சுலபமாகப் பிடிக்கும். வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கினால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருப்புக் கறை ஏறும். அந்தக் கறையைத் தேய்த்து எடுக்கப் பலர் புளியைப் போடுகிறார்கள். புளி கறையையும் எடுக்கும், கழுவாமல் விட்டால் வாயையும் அரிக்கும். நறுக்கி முடித்ததும் கழுவி, துணியால் துடைத்து, விரலில் ஒட்டும் அளவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். துடைக்கும் துணி முதுகிலிருந்து வாய்க்குப் போக வேண்டும், வாய் நெடுகிலும் ஓட்டக்கூடாது.

கழுத்துக்குத் தீர்வு பட்டறைதான். திருப்பாச்சேத்தி மாதிரி அரிவாளுக்கே பேர்போன ஊருக்குப் போக வேண்டிய அவசியமில்லை, தோய்ச்சல் தெரிந்த கொல்லர் ஒருவர் பக்கத்தில் கிடைத்தால் போதும். ஆப்பைத் தட்டாமல், பலகையின் அடிப்பக்கம் செருகிய முனையை ஒட்டி மரத்தை உளியால் கொஞ்சம் விரித்துத் தகட்டை உருவலாம் என்று ஒரு தச்சர் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். பலகை பிளந்தால் புதுப் பலகை போட அத்தை சம்மதிப்பாரா என்பதுதான் இப்போது பேச்சு. அதுவரை வெங்காயத்துக்கு ஒரு சின்னக் கத்தி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதை அவர் உறையிலிருந்து எடுத்ததாகத் தெரியவில்லை.